பதினான்கு பேர்

“பதினாலு பேருங்கய்யா” என்று சொன்னேன். எதிரில் இருந்த ஏட்டு தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். கார்பன் வைத்து அழுத்தி எழுதியதால் அந்த எண் அடியில் இருந்த தாள்களிலும் நீலமாக இறங்கியது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. என் சட்டையின் வலது கையில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அது என்னுடைய ரத்தம் அல்ல. நான் ஓட்டிய ஜீப்பின் முதலாளி வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வருவதற்கு முன் என் தோளில் கை போட்டு, “கூட்டத்தச் சொல்லிராதடா. பதினாலுன்னு சொல்லு. ஒனக்கும் நல்லது, எனக்கும் நல்லது” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று காலை என் ஜீப்பில் ஏறியிருந்த பெண்கள், என்னைச் சேர்க்காமல், இருபத்து மூன்று பேர்.

வருடங்கள் பல ஓடிவிட்டன. நான் பொய் சொன்னேன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பொய்யை எடுத்து ஒரு பெண் என்ன செய்தார் என்பதுதான் என்னை இன்றுவரை ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார விடாமல் வைத்திருக்கிறது.

கம்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். மலைக்கு மேலே, கேரளத்துப் பக்கம், ஏலத் தோட்டங்கள். அங்கே காய் எடுக்கவும் களை பறிக்கவும் எங்கள் ஊர்ப் பெண்கள் தினமும் போய்த் திரும்புவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு என்று ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடிவருவார்கள். ஜீப் நிரம்பிவிட்டது என்று எந்த டிரைவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பதினான்கே அதிகம்தான். ஆனால் அந்தப் பாதையில் பதினாலு என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

எங்கள் தெருப் பெண்களை வேலைக்குச் சேர்த்து அழைத்துப் போகிறவரைக் கங்காணியம்மா என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, மெலிந்து, நீளமான கைகளோடு இருப்பார். சத்தமாகப் பேசியே பழகிய குரல். எத்தனை பெண்களை மேலே கொண்டுபோகிறாரோ அத்தனைக்கு எஸ்டேட்டில் அவருக்கு மதிப்பு. அதனால் ஜீப்பில் கடைசி ஆளையும் தள்ளி ஏற்றுகிறவர் அவரேதான். “இன்னுங் கொஞ்சம் ஒடுங்குங்கடி, ஆத்தா ஒருத்தி நிக்கிறா பாரு” என்று பின்னாலிருந்து முதுகுகளை அழுத்துவார். எல்லாரும் ஏறிய பிறகு, தானும் ஏதாவது ஓர் இண்டு இடுக்கில் நுழைந்துகொள்வார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் பிறவியிலேயே போராளி அல்ல. அந்த ஏற்பாட்டில் எனக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவருக்கும் இருந்தது.

அந்தக் காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் எதிரே கட்டை ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. நான் ஓரம் ஒதுங்கினேன். வேகமாக ஓட்டவில்லை, அந்தப் பாரத்தோடு வேகமாக ஏறவும் முடியாது. இடது பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் ஒரே கூச்சல். நிறுத்திவிட்டு ஓடிப் பார்த்தபோது, பின் படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்த பெண் ரோட்டோரக் கல்லில் இடுப்பு அடிபட்டுக் கிடந்தாள். அவள் கங்காணியம்மாவின் தங்கை. அக்காள் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் கால்களைப் பிடித்தேன். அப்படித்தான் என் சட்டையில் ரத்தம் பட்டது.

உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் இடுப்பு எலும்பு சரியாகக் கூடவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது கம்பு ஊன்றித்தான் நடந்தாள். அவள் விழுந்த மறுநாளே எஸ்டேட்டில் போய்க் கேட்டதற்கு, விழுந்தது ரோட்டில், எங்கள் தோட்டத்துக்குள் அல்ல என்றார்கள். ஜீப் முதலாளி, டிரைவர் பார்த்து ஓட்டியிருக்க வேண்டும் என்றார். டிரைவராகிய நான் ஸ்டேஷனில் பதினான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வண்டியில் கூட்டமே இல்லையென்றால், பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியாமல் அவளாக விழுந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அந்த அர்த்தம் எனக்குப் புரிய நான்கு நாள் ஆனது. கங்காணியம்மாவுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை வழக்கம்போல ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்கள் வந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் ஓடிவரவில்லை. வரிசையாக நின்றார்கள். கங்காணியம்மா ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு ஏற்றினார். பதினான்காவது ஆள் ஏறியதும் கையை நீட்டி மற்றவர்களைத் தடுத்தார். மிச்சம் ஏழெட்டுப் பேர் கீழே நின்றார்கள்.

“ஏத்துங்கம்மா, நேரமாகுது” என்றேன்.

“பதினாலு ஆச்சுல்ல, தம்பி.”

“மத்தவுக?”

“மத்தவுகளுக்கு இன்னொரு வண்டி வரட்டும். நீதானப்பா ஸ்டேசன்ல பதினாலுன்னு எழுதிக் குடுத்த? சர்க்காரு தாள்ல ஏறிப்போச்சு. இனிமே பதினாலுதான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பெண்கள் யாரும் சிரிக்கவும் இல்லை. முதலாளிக்குத் தகவல் போனது. அவர் பைக்கில் வந்து கத்தினார். ஒரு தெருப் பொம்பளைகளுக்காக இன்னொரு வண்டி விட முடியுமா என்றார். “அப்ப நாங்க வரல” என்று கங்காணியம்மா சொன்னார். ஏறியிருந்த பதினான்கு பேரும் தூக்குவாளிகளோடு இறங்கினார்கள். ஸ்டிரைக் தொடங்கியது அப்படித்தான். கொடி இல்லை, கோஷம் இல்லை. காலி ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பக்கத்துத் தெரு சேர்ந்தது. அதற்கடுத்த நாள் பக்கத்து ஊர். உத்தமபாளையத்தில் இருந்து முஸ்லிம் தெருப் பெண்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் ஓரமாகத் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காய்கறி லாரியையும் பஸ்ஸையும் மறிக்கவில்லை. ஆள் ஏற்றிய ஜீப் வந்தால் மட்டும் எழுந்து நடு ரோட்டுக்குப் போய் நிற்பார்கள். அது காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் நேரம். பழுத்த காயை உரிய நாளில் எடுக்காவிட்டால் வெடித்து வீணாகிவிடும். மேலே எஸ்டேட்காரர்களுக்குப் பதற்றம், கீழே வீடுகளில் வேறு விதமான பதற்றம். புருஷன்மார்கள் சிலர் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். போன பெண்கள் மத்தியானம் சோறாக்கி வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். ஊரே ஒரு மாதிரி உறக்கம் கெட்டவர்களைப் போல நடமாடியது. டீக்கடையில் நின்றால் இரண்டு கட்சியாகப் பேச்சு. நான் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஸ்டிரைக்கின் ஆறாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். தேவாரம் பக்கத்து ஊர் ஒன்றில் பெண்களைப் பேசி வைத்திருப்பதாகவும், குமுளி வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே போகும்படியும் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேஸ் என் பேரில் இருந்தது. வண்டி அவருடையது, வக்கீல் அவருடையவர். போனேன். அந்த ஊர் மந்தைவெளியில் ஜீப்பை நிறுத்தியபோது, பெண்களுக்கு முன்னாலேயே கங்காணியம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். யார் சொன்னார்களோ, முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கிறார். தனியாகத்தான் வந்திருந்தார்.

திட்டுவார், வண்டி முன்னால் படுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஜீப்பின் பின்பக்கம் போய் நின்று, ஏறுகிற ஒவ்வொருவரையும் சத்தமாக எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. அந்தப் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எஸ்டேட் ஆள் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ. பதினான்கு வரை எண்ணிவிட்டு, அடுத்து ஏறப்போன பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயசுப் பெண். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

“ஆத்தா, நீ பதினஞ்சு” என்றார். “பதினஞ்சாவது ஆளுக்கு இந்த வண்டியில கணக்கே கெடையாது. விழுந்தின்னா, நீ வண்டியிலயே வரலன்னு எழுதிப்புடுவாக. எந் தங்கச்சி அப்பிடித்தான் இடுப்பு ஒடஞ்சு கெடக்கா. நம்பலன்னா முன்னால உக்காந்திருக்காருல்ல, அவுகளயே கேளு.”

அந்தப் பெண் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அவள் பின்வாங்கி நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். வண்டியில் ஏறியவர்களில் நான்கைந்து பேர் இறங்கிவிட்டார்கள்.

அந்த இடத்தில் நான் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன் என்று எழுத எனக்கு ஆசைதான். பலரிடம் அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நான் கியரைப் போட்டு, இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பக்கக் கண்ணாடியில் கங்காணியம்மா சின்னதாகிக்கொண்டே போனார். மேலே எஸ்டேட் மேனேஜர், “எந்தா, இத்தன பேரு மாத்ரமோ?” என்று கேட்டார், ஆள் குறைவு என்பதுபோல. அன்று முழுவதும் ஏலச் செடிகளுக்கு நடுவில் போகும் மண்பாதையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் அந்தப் புது மஞ்சள் கயிறுக்காரி என் முகத்தில் எதைத் தேடினாள் என்ற நினைப்பு வந்தது.

பதினோராம் நாள் தாலுகா அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. தாசில்தார் நடுவில். ஒரு பக்கம் எஸ்டேட் மேனேஜரும் ஜீப் முதலாளிகளும். எதிரே கங்காணியம்மாவோடு நான்கு பெண்கள். டிரைவர் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சுவரோரம் நின்றேன். மேனேஜர் சாந்தமாகப் பேசினார். இவர்கள் கேட்பது பதினான்கு பேர், இதுவரை ஏற்றி வந்ததும் பதினான்கு பேர்தான், இதோ டிரைவரே போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார், பிறகு எதற்கு வேலைநிறுத்தம் என்று அந்த நகலை எடுத்து மேசையில் வைத்தார். என் பொய் அங்கே எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது. கங்காணியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கதவைப் பார்த்து, “உள்ள வாத்தா” என்றார்.

தங்கை, இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க, கம்பு ஊன்றி உள்ளே வந்தாள். நாற்காலி போட்டார்கள், உட்கார இடுப்பு வளையவில்லை, சுவரில் சாய்ந்து நின்றாள். அதுவரை அவள் அதிகம் பேசி நான் கேட்டதே இல்லை. ஜீப்பில் எந்நேரமும் வெளியே தொங்கிக்கொண்டு வருகிற பெண்ணிடம் டிரைவர் என்ன பேசிவிடப் போகிறான்.

“அன்னைக்கு டிரைவருக்கு இடப்பக்கம் மூணு பேரு, வலப்பக்கம் கதவோரமா ஒருத்தி” என்று ஆரம்பித்தாள். ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, யார் மகள், யார் மருமகள் என்று சொன்னாள். நடு சீட்டில் ஆறு பேர். பின்னால் எதிரெதிராக நாலு நாலு பேர். அவர்கள் காலடியில் குத்த வைத்து இரண்டு பேர். அதில் ஒருத்தி மாசமாக இருந்தவள். “பொறவு பின் படியில மூணு பேரு. நடுவுல எங்கக்கா. இந்தப் பக்கம் எதுத்த வீட்டு மதினி. அந்தக் கடைசியில நானு. கூட்டிக்கிருங்கய்யா.”

தாசில்தார் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்திருந்தார். கூட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தம்மா சொல்றது சரியா?”

முதலாளியின் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. “ஆமாங்கய்யா” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் பிடித்திருந்தது. அதிலும் பாதி தைரியம் அவள் நின்ற நிலையைப் பார்த்து வந்தது; மிச்சப் பாதி, வேறு சொல் எதுவும் அகப்படாததால் வந்தது. இதை ஒரு பெரிய காரியமாக நான் நினைத்துக்கொண்டதில்லை.

அன்று சாயங்காலமே தாள் எழுதிக் கையெழுத்தானது. ஜீப்புக்குப் பதினான்கு பேர். பின் படியில் யாரும் நிற்கக் கூடாது. காய் எடுப்புக் காலத்தில் கூடுதல் வண்டி. பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆனால் மறுநாள் காலை கங்காணியம்மாவுக்கு மட்டும் மேலே வேலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த எஸ்டேட்டிலும் இல்லை. பெண்கள் மறுபடி இறங்கத் தயாராக இருந்தார்கள். அவர் விடவில்லை.

“ஏறுங்கடி. எனக்காண்டி எறங்குனீகன்னா அந்தத் தாளையும் கிழிச்சுப் போட்டுருவாக” என்றார். எல்லாரும் ஏறும்வரை நின்றார். வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. முந்தின நாள் தாலுகா அலுவலக வாசலிலேயே முதலாளி என்னிடம் சாவியை வாங்கிவிட்டார்.

அதன்பிறகு கங்காணியம்மா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார். கொடியை வெட்டிக் கவாத்து செய்கிற வேலை, தலைக்கு மேலே கையைத் தூக்கியே செய்ய வேண்டும். அவர் மறுபடி மலை ஏறவே இல்லை. என் கேஸ் சில வருடம் இழுத்து ஒருவழியாக முடிந்தது. அது முடிந்த வாரம் தங்கையின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முற்றத்தில் நின்று சாரல், குழி, லாரி என்று எதையெதையோ விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முறத்தில் இருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள். கடைசியில், “நீ வேகமா ஓட்டலய்யா. அது எனக்குத் தெரியும்” என்றாள். பிறகு, “ஆனா நீ என்னய எண்ணவே இல்லையேய்யா” என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த ஊரில் என்னால் இருக்க முடியவில்லை. பெரியகுளத்தில் மாங்காய் வண்டி ஓட்டினேன், ஆண்டிபட்டியில் மில் பஸ் ஓட்டினேன், எதிலும் நிலைக்கவில்லை. இப்போது அல்லிநகரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடியும் முன் எழுந்து தெருவில் நடப்பேன். என் மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். இரண்டு சீசன் அந்தத் தாள் தாக்குப்பிடித்தது என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒன்று கூடியது, இரண்டு கூடியது. மேனேஜர் மாறினார், தாசில்தார் மாறினார். தாள் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் போனது. இப்போது தோட்டங்களில் வடக்கத்தித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்கிறார்கள். எங்கள் பெண்கள் பேச வாயெடுத்தால் அவர்களைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களாம்.

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. குரல் கொஞ்சம் உடைந்திருந்தாலும் உடனே தெரிந்துகொண்டேன். கங்காணியம்மாவுக்கு எழுபது வயதாவது தாண்டியிருக்கும். என் நம்பரை எங்கே பிடித்தார் என்று கேட்கவில்லை. இந்த மழைக்கு மறுபடி ஒரு ஜீப் கவிழ்ந்து இரண்டு பெண்களுக்குக் கை போய்விட்டதாம். பெண்கள் வேலைக்குப் போகாமல் நிற்கிறார்களாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க வருகிறார்களாம். “முன்னாடி ஒரு தடவ ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாகன்னு சொன்னா, இந்தப் புள்ளைக நம்ப மாட்டேங்குதுக. ஆபீசருக கேக்கவே மாட்டாக. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவுக பாதிப் பேரு போயிட்டாக. நீ இருக்கீல்ல, வந்து சொல்லு” என்றார். கெஞ்சவும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இன்று திங்கட்கிழமை, காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். முப்பது நாற்பது பெண்கள், பெரும்பாலும் என் மகள் வயது. வரிசை மெதுவாக நகர்ந்தது. கங்காணியம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “இளச்சுட்டியே” என்றார், அவ்வளவுதான். எங்கள் முறை வந்ததும் அதிகாரி, “நீங்க யாரு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நான் ஓட்டிய ஜீப்பையும், நான் எழுதிக் கொடுத்த பொய்யையும், அந்த நீண்ட கை பிடித்து நிறுத்திய பெண்ணையும், தாலுகா அலுவலகத்தையும் முதலில் இருந்து சொன்னேன். பின்னால் நின்ற இளம்பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டு, மனுவை வாங்கி, ரசீது கொடுத்தார். விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும்.

வெளியே வந்ததும் பெண்கள் கூடி நின்று பேசினார்கள். ரசீதை ஒருத்தி போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். விசாரணை வரும்வரை வண்டி ஏறுவதில்லை, நாளை காலையில் மலை அடிவாரத்தில் உட்காருவது என்று முடிவானது. “தேவாரம் பக்கம் ஆள் பேசிட்டாகளாம்” என்று ஒருத்தி பதறினாள். கங்காணியம்மா பஸ்ஸுக்கு நடந்தார். நானும் கூட நடந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து நாளைக்கு வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதைக் கேட்டபடியே அவர் முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“வெள்ளனவே வந்துருய்யா. அங்கன நெழலு கெடையாது. வெயில் ஏறுனா தார் ரோட்டுல உக்கார முடியாது” என்றார். “துண்டு ஒண்ணு கொண்டா.”